கேஸ் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடையில் காரை எப்படிக் கவனித்துக்கொள்வது என்று சென்ற வாரம் உங்கள் நாளிதழில் ஒரு கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். டயர், பேட்டரி, ரேடியேட்டர் தண்ணீர் எல்லாம் சரி. ஆறாவதாக ஒரு வரி: 'ஆண்டுக்கு ஒரு முறை ஏசி கேஸை நிரப்பிக்கொள்ளுங்கள்.' அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போகும், இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் அந்த வரி தவறு என்று நான் சொல்லும் பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீரும் பொருள் இல்லை. எஞ்சின் ஆயில் மாதிரி பழசாகிப்போய் மாற்ற வேண்டியதும் இல்லை. கம்ப்ரசர் அதை அழுத்திச் சூடாக்கி அனுப்புகிறது, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டன்சரில் அது சூட்டை வெளியே விட்டுவிட்டுத் திரவமாகிறது, எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்னத் துளையில் புகுந்து வெளியே வரும்போது அழுத்தம் சட்டென்று விழுகிறது, டாஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் கூலிங் காயிலில் கொதித்து ஆவியாகி, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் புழுக்கத்தை வாங்கிக்கொண்டு மறுபடி கம்ப்ரசருக்கே வந்து சேருகிறது. சுற்றிச் சுற்றி அதே கேஸ்தான். குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ வெளியே போயிருக்கிறது, வேறு கணக்கே கிடையாது.

வீட்டு ஃப்ரிட்ஜை நினைத்துப் பாருங்கள். பதினைந்து இருபது வருஷம் ஓடுகிறது, அதற்கு யாராவது வருஷா வருஷம் கேஸ் அடிக்கிறோமா? அதில் மோட்டாரும் கம்ப்ரசரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் வைத்து வெல்டு செய்யப்பட்டவை, குழாய்களும் முழுக்க உலோகம். காரில் அப்படி முடியாது. கம்ப்ரசரைச் சுற்றுவது வெளியே ஓடும் பெல்ட், ஆகவே அதன் ஷாஃப்ட் கூட்டை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், நீட்டும் இடத்தில் ஒரு சீல் வேண்டும். எஞ்சின் குலுங்கும், பாடி குலுங்காது, இரண்டுக்கும் நடுவே வளைந்து கொடுக்க ரப்பர் ஹோஸ் வேண்டும். இந்த சீலின் வழியாகவும் ரப்பரின் வழியாகவும் வருஷத்துக்குச் சில கிராம் கேஸ் கசிவது இயற்கை, அதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் சாதாரணக் காரில் இருப்பது பெரும்பாலும் 400 முதல் 800 கிராம் கேஸ். வருஷத்துக்குச் சில கிராம் போனால் கூலிங் குறைவதை நாம் உணரவே பல வருஷம் ஆகும். ஒவ்வொரு கோடையிலும் நிரப்ப வேண்டியிருக்கிறது என்றால் அந்த வண்டியில் ஓட்டை இருக்கிறது.

இதை நான் மூன்று கோடை கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். முதல் கோடையில் காற்று வந்தது, குளிர் வரவில்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டேன், அழுத்தம் காட்டும் கேஜை மாட்டினார்கள், 'கேஸ் குறைஞ்சிருக்கு சார்' என்றார்கள், கால் மணி நேரத்தில் நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள். வெளியே வரும்போது பற்கள் கிடுகிடுக்கும் அளவுக்குக் குளிர். எனக்கு மகிழ்ச்சி, அவர்களுக்கும் மகிழ்ச்சி. ஏன் குறைந்தது என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அடுத்த கோடை அதே கதை. மூன்றாவது கோடையில் நிரப்பி ஆறே வாரத்தில் மறுபடி வெறும் காற்று. இந்தத் தடவை கேட்டேன். 'இந்த மாடலே அப்படித்தான் சார்' என்று பதில் வந்தது. வேறு ஓர் இடத்துக்குப் போனால் அங்கே ஒருவர் பானெட்டைக்கூடத் திறக்காமல், 'கூலிங் காயில் போயிருக்கும், டாஷ்போர்டு முழுசா கழட்டணும்' என்றார். எப்படித் தெரியும் என்றேன். அனுபவம் என்றார். அனுபவத்தின் மேல் எனக்கும் மரியாதை உண்டு, ஆனால் ஒரு நாள் முழுக்க என் காரின் டாஷ்போர்டைப் பிரித்துப்போடும் அளவுக்கு இல்லை.

அப்புறம் ஒரு வயதான ஏசி மெக்கானிக்கிடம் போய்ச் சேர்ந்தேன். பெயர் போட்டால் அவருக்குப் பிடிக்காது. அவர் முதல் அரை மணி நேரம் கேஜையும் தொடவில்லை, சிலிண்டரையும் தொடவில்லை. ஒரு டார்ச்சும் ஒரு சின்னக் கண்ணாடியும் வைத்துக்கொண்டு குழாய் போகும் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போனார். என்ன தேடுகிறீர்கள் அண்ணே என்று கேட்டதற்கு, 'எண்ணெய்' என்றார்.

இது எனக்குப் புதுசு. கம்ப்ரசருக்கு வேண்டிய எண்ணெய் தனியாக ஒரு தொட்டியில் இருப்பதில்லை, பெரும்பகுதி கேஸோடு கலந்தேதான் சுற்றி வருகிறது. கேஸ் எங்கே வெளியேறுகிறதோ அங்கே கொஞ்சம் எண்ணெயையும் இழுத்துக்கொண்டு வெளியே வரும். கேஸ் காற்றோடு போய்விடும், எண்ணெய் அங்கேயே தங்கி, அதன் மேல் தூசி ஒட்டிக் கறுப்பாக ஒரு திட்டு உண்டாகும். குழாய் இணையும் இடங்கள், ஹோஸை உலோகத்தோடு நெரித்துப் பிடித்திருக்கும் வளையங்கள், கம்ப்ரசரின் கிளட்ச் பக்கம், கண்டன்சரின் ஓரங்கள் ஆகிய இடங்களில் மற்றதெல்லாம் காய்ந்த தூசியாக இருக்க, ஒரு இடம் மட்டும் பிசுபிசுவென்று இருந்தால் அங்கே சந்தேகப்படலாம். எண்ணெய் குறைவது இன்னொரு ஆபத்தையும் சொல்கிறது. கேஸ் குறைந்த வண்டியில் ஏசியைப் போட்டுக்கொண்டே ஓட்டினால் எண்ணெய் கம்ப்ரசருக்குச் சரியாகத் திரும்பி வராது, கம்ப்ரசர் காய்ந்து ஓடி ஒரு நாள் இறுகி நின்றுவிடும். அப்படி நிற்கும்போது உள்ளே உதிரும் உலோகத் துகள் கண்டன்சரின் நுண்ணிய குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும், அதைக் கழுவி எடுக்கவும் முடியாது. அழுத்தம் மிகவும் குறைந்தால் கம்ப்ரசரை நிறுத்திவிட ஒரு சுவிட்ச் இருக்கிறது, ஆனால் பாதி கேஸ் இருக்கும் நிலையில் அது சும்மாதான் இருக்கும்.

என் வண்டியில் முதல் திட்டு இருந்தது கேஸ் நிரப்பும் இரண்டு வாய்களில் ஒன்றில். அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்க வேண்டும், இல்லை. உள்ளே கார் டயரில் இருப்பது போன்ற, நடுவில் ஊசி வைத்த ஒரு வால்வு, பின் வால்வு என்பார்கள், அதன் மேல் சோப்பு நுரையை வைத்தார், அரை நிமிஷத்தில் ஒரு குமிழி மெதுவாகப் பெருத்து உடைந்தது. அடுத்தது. அடுத்தது. அந்த மூடி வெறும் தூசிக்காக இல்லையாம், உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது, பின் வால்வு கொஞ்சம் தளர்ந்தாலும் அதுதான் இரண்டாவது கதவு. யாரோ கேஜை மாட்டிக் கழற்றிவிட்டு மூடியைத் திரும்பப் போடவில்லை, திறந்து கிடந்த வால்வில் மண் புகுந்துவிட்டது. அதாவது நான் கேஸ் நிரப்பப் போன இடத்திலேயே ஒரு புது ஓட்டையையும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்! கோபம் வந்தது. யார் மேல் படுவது என்று தெரியவில்லை, போன இடம் இரண்டு மூன்று.

கேஜைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மை ஏமாற்றுவதில் மனிதர்களைவிட அதற்குப் பங்கு அதிகம். வண்டி நின்றுகொண்டிருக்கும்போது கேஜை மாட்டி, 'பிரஷர் இருக்கு, கேஸ் ஃபுல்லா இருக்கு' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். என் வண்டியில் இருக்கும் ஆர்-134ஏ என்ற கேஸ் 25 டிகிரி வெப்பத்தில் சுமார் 80 பி.எஸ்.ஐ. காட்டும், 35 டிகிரியில் சுமார் 115 காட்டும். உள்ளே 500 கிராம் இருந்தாலும் அவ்வளவுதான், 150 கிராம் இருந்தாலும் அவ்வளவுதான், துளி திரவமாவது மிச்சம் இருக்கும்வரை. சமையல் கேஸ் சிலிண்டர் கடைசி நாள்வரை ஒரே மாதிரி எரிந்துவிட்டுத் திடீரென்று அணைவதில்லையா, அதே சங்கதி. சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய அதைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும். இங்கேயும் நிறுத்துத்தான் பார்க்க வேண்டும். பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எந்த கேஸ், எத்தனை கிராம் என்று அச்சடித்திருப்பார்கள். ரெகவரி மெஷின் உள்ளே இருப்பதை எல்லாம் உறிஞ்சி எடுத்து எடை காட்டும், இரண்டையும் கழித்தால் எவ்வளவு ஓடிப்போயிற்று என்று தெரிந்துவிடும். என் வண்டிக்கு ஸ்டிக்கரில் 480. வெளியே வந்தது 170. ஆறு வாரத்தில் 310 கிராம் காணவில்லை. இந்த ஒரு எண்ணை யாராவது முதல் வருஷமே எனக்குச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே இருந்திருக்காது.

பின் வால்வை மாற்றினார், மூடி போட்டார், பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி வேக்கம் இழுத்தார், 480 கிராம் நிறுத்து நிரப்பினார். அதோடு ஊசி மருந்து மாதிரி சில மில்லி மஞ்சள் சாயத்தையும் உள்ளே விட்டார். ஓட்டைதான் கிடைத்துவிட்டதே, இது எதற்கு என்றேன். 'ஒண்ணு கிடைச்சுதுன்னா ஒண்ணுதான் இருக்குன்னு அர்த்தமா சார்?' என்றார். நான்கு மாதத்தில் குளிர் கொஞ்சம் மந்தமாயிற்று. எடுத்து நிறுத்தபோது 330. மறுபடி 150 கிராம் காணோம். புற ஊதா விளக்கைப் போட்டு, மஞ்சள் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தால் கண்டன்சரின் கீழ் மூலையில் பச்சை மஞ்சளாக ஒரு பொட்டு மின்மினிப்பூச்சி மாதிரி ஒளிர்ந்தது. கல் அடித்ததோ, உப்பும் ஈரமும் அரித்ததோ, ஊசி முனை அளவு. யோசித்துப் பார்த்தால் முதல் கோடையில் கேஸ் குறைந்ததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். பின் வால்வு ஒழுகியது பின்னால் வந்து சேர்ந்த வினை. கூலிங் காயில்? அது இன்றுவரை நன்றாக இருக்கிறது. டாஷ்போர்டும் அதன் இடத்தில் இருக்கிறது.

ஏன் அந்த மூலை முதல் நாளே அகப்படவில்லை என்று கேட்டேன், அதற்கு அவர் சொன்ன பதிலில்தான் நிறையக் கற்றுக்கொண்டேன். வண்டி நிற்கும்போது உள்ளே 80, 90 பி.எஸ்.ஐ. ஏசி ஓடும்போது கண்டன்சர் பக்கம் 200ஐத் தாண்டுவது சாதாரணம். சில ஓட்டைகள் அந்த அழுத்தத்திலும் சூட்டிலும்தான் வாய் திறக்கும். சோப்பு நுரை பெரிய ஓட்டைக்குப் போதும், இந்த மாதிரி மெல்லக் கசிவதற்குக் குமிழியே வராது. சாயம் உள்ளே சுற்றி, நாம் நாலு நாள் ஓட்டி, குலுங்கி, சூடாகி, பிறகு அது தானே வந்து முகம் காட்டும். பொறுமை வேண்டும், காலையில் விட்டு மதியம் எடுத்துப்போகும் வேலை இல்லை.

மோப்பம் பிடிக்கும் கருவியும் இருக்கிறது, லீக் டிடெக்டர் என்பார்கள். நல்ல கருவி வருஷத்துக்கு 4 கிராம் கசியும் ஓட்டையைக்கூடக் கண்டுபிடிக்கும். ஆனால் வைத்திருப்பவருக்கு நிதானம் வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட வேண்டும், மின்விசிறி அடிக்கும் இடத்தில் வேலைக்கு ஆகாது. இந்த கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்ததும் கீழே இறங்கும், அதனால் முனையைக் குழாய்க்கு மேலே ஆட்டிக்கொண்டு போவதில் பயனில்லை, அடிப்பக்கமாக, ஒட்டினாற்போல், மெதுவாக நகர்த்த வேண்டும். எண்ணெய்க் கறையைத் துடைக்கச் சற்று முன் தெளித்த கிளீனரைப் பார்த்தும் சில கருவிகள் கத்தும், அதைக் கேட்டு நல்ல கம்ப்ரசரை மாற்றிவிடக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கூலிங் காயிலுக்கும் இதுதான் வழி. வண்டியைக் கொஞ்ச நேரம் அணைத்துவைத்து, உள்ளே தேங்கும் கேஸ் தண்ணீர் வடியும் குழாய் வழியாகக் கீழே இறங்கும் இடத்தில் முனையை வைத்துப் பார்ப்பது. சாயம் போட்டிருந்தால் அந்தக் குழாயின் வாயிலேயே விளக்கை அடித்துப் பார்க்கலாம். டாஷ்போர்டைக் கழற்ற வேண்டும் என்று உங்களிடம் யாராவது சொன்னால், இந்த இரண்டில் ஏதாவது ஒன்றைச் செய்து காட்டிவிட்டுக் கழற்றச் சொல்லுங்கள்.

வேக்கம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, முள் நகரவில்லை, லீக் இல்லை என்று சான்றிதழ் கொடுப்பவர்கள் உண்டு. முள் ஏறினால் ஓட்டை இருக்கிறது, சரி. ஏறாவிட்டால் ஓட்டை இல்லை என்று சொல்ல முடியாது. முழு வேக்கத்திலும் குழாயின் மேல் வெளியிலிருந்து அழுத்துவது சுமார் 15 பி.எஸ்.ஐ. மட்டும், அதுவும் உள்பக்கமாக. ஓடும்போது இருப்பது அதைப்போல் பத்து மடங்குக்கு மேல், வெளிப்பக்கமாக. உள்ளே இழுக்கும்போது ஒட்டிக்கொண்டு மூடிவிடும் ரப்பர் வளையம் வெளியே தள்ளும்போது வழிவிடலாம். சிஸ்டம் காலியாக இருந்தால் உலர்ந்த நைட்ரஜனை ரெகுலேட்டர் வைத்து நிரப்பிச் சோதிப்பதுதான் முறை. டயருக்குக் காற்று அடிக்கும் கம்ப்ரசரை எடுத்து மாட்டிவிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து விடாதீர்கள். காற்றில் ஈரம் இருக்கிறது என்பது ஒரு பக்கம், உள்ளே மிச்சம் இருக்கும் ஆர்-134ஏ காற்றோடு அதிக அழுத்தத்தில் கலந்தால் தீப்பிடிக்கும் கலவையாகக்கூட ஆகலாம். ஆக்ஸிஜன் சிலிண்டரைப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது, எண்ணெயும் ஆக்ஸிஜனும் அழுத்தத்தில் சேர்ந்தால் வெடிக்கும்.

கண்டன்சரை ஒட்டுப்போட முடியுமா என்று நானும் கேட்டுப் பார்த்தேன், சிக்கனக்காரன். அந்த அலுமினியத் தகட்டுக்குள் ஓடும் வழிகள் அவ்வளவு மெல்லியவை, ஒரு ஓட்டையை மூடப்போனால் பக்கத்தில் இரண்டு வழி அடைந்துவிடும், ஒட்டும் அந்த அழுத்தத்தில் நிலைக்காது. மாற்றினோம். மாற்றும்போது அவர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பழைய ஓ-ரிங்கை ஒன்றுகூடத் திரும்பப் போடவில்லை, கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு கறுப்பு வாஷரையும் போடவில்லை, இந்த கேஸுக்கும் எண்ணெய்க்கும் ஊறாத ரப்பரில், சரியான தடிமனில் உள்ளதைத்தான் போட்டார், அதையும் ஏசி எண்ணெயில் நனைத்துப் போட்டார். உலர்ந்த வளையம் முறுக்கிக்கொண்டு வெட்டுப்படுமாம். அலுமினிய இணைப்பை முறுக்கும்போது இரண்டு ஸ்பேனர், ஒன்று பிடிக்க, ஒன்று திருக. ஒரு ஸ்பேனரில் வேலையை முடித்தால் நட்டோடு குழாயும் சேர்ந்து திருகிப் புது விரிசல் விடும்.

ஈரத்துக்குத்தான் அவர் அதிகம் பயந்தார். சிஸ்டத்தைத் திறந்துவைத்துவிட்டு டீ குடிக்கப் போக மாட்டார், எல்லா வாயையும் அடைத்துவைத்தார். ஆர்-134ஏ வண்டிகளில் போடும் பிஏஜி எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அதனால் டப்பாவைத் திறந்தால் உடனே மூடி போட வேண்டும். உள்ளே புகுந்த ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் ஐஸாகி அடைக்கும், கேஸோடும் எண்ணெயோடும் சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே அரிக்கும். இதைப் பிடித்துவைக்கத்தான் டிரையர் என்று ஒன்று இருக்கிறது, அதுவும் ஓர் அளவுக்குத்தான் குடிக்கும், சிஸ்டம் ஒழுகிக் காலியாகித் திறந்து கிடந்தது என்றால் அதை மாற்றியே ஆக வேண்டும். பல புது வண்டிகளில் அது கண்டன்சரோடே சேர்ந்து வருகிறது. வேக்கம் இழுப்பதும் காற்றை எடுக்க மட்டும் இல்லை. அழுத்தம் அந்த அளவுக்கு இறங்கினால் உள்ளே இருக்கும் தண்ணீர் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகிவிடும், பம்ப் அதை இழுத்து வெளியே தள்ளிவிடும். அதற்கு நேரம் வேண்டும். அரை மணிக்குக் குறையாமல் ஓடவிட்டார். ஐந்து நிமிஷ வேக்கம் பம்பு வைத்திருக்கிறோம் என்று காட்டத்தான் உதவும்.

அப்புறம் அளவு. கை வைத்துப் பார்த்துக் குளிர் வந்தால் போதும் என்று நிரப்புவது எல்லா இடத்திலும் நடக்கிறது. கேஸ் கூடினாலும் குளிர் குறையும், திரவம் கம்ப்ரசருக்குள் போனால் அது உடையும். பழைய எண்ணெய் எவ்வளவு வெளியே வந்ததோ, புதுப் பாகத்தில் எவ்வளவு தங்குமோ, அதற்கேற்ப எண்ணெயும் சேர்க்க வேண்டும். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். அவற்றில் கம்ப்ரசரின் மோட்டார் கேஸுக்கும் எண்ணெய்க்கும் நடுவே உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது, மின்சாரம் கடத்தாத பிஓஇ வகை எண்ணெய்தான் போட வேண்டும். பெட்ரோல் காருக்குப் போடும் எண்ணெய் கலந்தால் மின்கசிவு காட்டி ஏசி மட்டும் இல்லை, வண்டியே கிளம்பாமல் போகலாம்.

லீக்கைத் தானே அடைக்கும் என்று டப்பாவில் விற்கிறார்களே, அதைப் பற்றி நான் நினைப்பதை எழுதினால் நீங்கள் அச்சில் போட மாட்டீர்கள். ஈரமோ காற்றோ பட்டால் இறுகும் திரவம் அது. ஓட்டை வாயில் இறுகினால் நல்லது, உள்ளே ஈரம் இருந்தால் வால்வுக்குள்ளும் இறுகும். ரெகவரி மெஷினுக்குள் போனாலும் இறுகும், அதனால் அது போட்ட வண்டியைப் பல நல்ல ஒர்க்‌ஷாப்களில் தொடவே மாட்டார்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால் அடுத்த மெக்கானிக்கிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் தானே பழுது பார்க்கும் நண்பர்களுக்கு: பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், டார்ச்சும் சோப்பு நீரும் போதும். ஆர்-134ஏயின் கொதிநிலை மைனஸ் 26 டிகிரி. இணைப்பைத் தளர்த்திக் கண்ணிலோ கையிலோ பட்டால் உறைந்து புண்ணாகும். அதைவிட, தளர்த்தி வெளியே விடுவது சட்டப்படி குற்றம் என்று பல நாடுகளில் இருக்கிறது. காரணம் இல்லாமல் இல்லை. முன்பு கார்களில் ஆர்-12 இருந்தது, அது ஓசோன் படலத்தைத் தின்றது, அந்த மாதிரி கேஸ்களை ஒழிக்க 1987இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது, 1990களில் ஆர்-134ஏ அந்த இடத்துக்கு வந்தது. இது ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ ஆர்-134ஏ நூறு ஆண்டுக் கணக்கில் 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் புதுக் கார்களில் இதைப் போடவே கூடாது. இந்த வகை கேஸ்களைப் படிப்படியாகக் குறைப்பதாக 2016இல் கிகாலியில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. இப்போது வரும் ஆர்-1234ஒய்எஃப் அந்த வகையில் ஒன்றுமே இல்லாத மாதிரி, ஆனால் லேசாகத் தீப்பிடிக்கக் கூடியது, பழைய கேஸோடு கலக்கவும் கூடாது.

என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். முதல் இரண்டு கோடையில் எவ்வளவு போனது என்று யாரும் நிறுக்கவில்லை, மூன்றாவது கோடையின் 310 கிராமையே மூன்றுக்கும் வைத்துக்கொண்டு, பின்னால் போன 150ஐயும் கூட்டினால் 1,080 கிராம். அது ஒன்றரை டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். கிலோமீட்டருக்கு 150 கிராம் புகை விடும் கார் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடினால் வருவது அது. நான் ஓட்டாத பத்தாயிரம் கிலோமீட்டர்.

குளிர் வராததற்கெல்லாம் லீக்தான் காரணம் என்று சொல்லவும் மாட்டேன், அது இன்னொரு மூடநம்பிக்கையாகிவிடும். கண்டன்சர் விசிறி சுற்றாமல் இருக்கலாம், அப்போது வண்டி ஓடும்போது குளிரும், சிக்னலில் நின்றால் குளிராது. கேபின் ஃபில்டர் அடைத்திருந்தால் காற்றே வராது. சூடும் குளிரும் கலக்கும் தகடு சிக்கிக்கொண்டாலும் இப்படித்தான். காருக்கு அடியில் சொட்டும் தண்ணீரைப் பார்த்து ஏசி லீக் என்று பதறுகிறவர்கள் பலர், அது உள்ளே இருந்த காற்றின் ஈரம், சொட்டினால்தான் ஏசி வேலை செய்கிறது என்று பொருள். குளிர்காலத்திலும் வாரம் ஒரு முறை பத்து நிமிஷம் ஏசியைப் போட்டுவிடுங்கள், ஷாஃப்ட் சீலில் எண்ணெய் படாமல் காய்ந்தால் அங்கேயே கசிய ஆரம்பிக்கும். இதையெல்லாம் உங்கள் கட்டத்தில் போட்டிருக்கலாம்.

கண்டன்சர் மாற்றி இரண்டு கோடை முடிந்துவிட்டது, ஒரு கிராம்கூட நிரப்பவில்லை. இப்போதெல்லாம் யார் என் வண்டியின் பானெட்டைத் திறந்தாலும், மூடுவதற்கு முன் அந்த இரண்டு பிளாஸ்டிக் மூடிகளும் இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்க்கிறேன். மெக்கானிக்குகளுக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

அடுத்த முறை அந்தக் கட்டத்தைப் போடும்போது ஆறாவது வரியை இப்படி மாற்றிவிடுங்கள்: 'ஏசியில் கேஸ் குறைந்திருந்தால், எத்தனை கிராம் குறைந்திருக்கிறது, எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று கேட்டுவிட்டு நிரப்புங்கள்.' இடம் போதாது என்றால் டயர் காற்றைப் பற்றிய மூன்று வரிகளைச் சுருக்கிக்கொள்ளுங்கள், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இப்படிக்கு,
மூன்று கோடை காற்றில் கேஸ் விட்ட வாசகன்